கால் பெருவிரலில் நள்ளிரவு வலியா? யூரிக் அமிலம் கூடியவர்கள் எதை விட வேண்டும், எதை விடக் கூடாது

முந்தின நாள் மாலை வரை வரப்பில் நன்றாக நடந்தவர், விடிகாலை 2 மணிக்குக் கால் பெருவிரலில் நெருப்பு வைத்தாற்போல வலித்து எழுந்து உட்காருகிறார். விரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கியிருக்கிறது. மேலே வேட்டி நுனி பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. தேள் கொட்டியதா, முள் ஏறியதா, சுளுக்கா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார். ஒரு வாரம், பத்து நாளில் எல்லாம் வடிந்துவிடுகிறது. அவரும் மறந்துவிடுகிறார். அடுத்த அறுவடை நேரத்தில், இயந்திரத்துக்கு நாள் குறித்த அன்று, அதே விரலில் அதே வலி.

இது பெரும்பாலும் 'கவுட்' என்ற நோயாக இருக்கும். தமிழில் கீல்வாதம் என்கிறார்கள். ஆனால் ஊரில் மூட்டில் எது வலித்தாலும் வாதம்தான் என்பதால், இந்தக் கட்டுரையில் கவுட் என்றே சொல்வோம். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, அது மூட்டுக்குள் ஊசி ஊசியான உப்புப் படிகங்களாகப் படிவதால் வருவது இது.

பரிசோதனையில் யூரிக் அமிலம் அதிகம் என்று தெரிந்ததும் நம் பக்கத்தில் சொல்லப்படும் முதல் அறிவுரை, "பருப்பு சாப்பிடாதே, கீரையை விடு, தக்காளியைத் தொடாதே" என்பதுதான். தன் வயலில் விளைந்த உளுந்தை விட்டுவிட்டு, நெத்திலிக் கருவாட்டையும் சனிக்கிழமை பாட்டிலையும் விடாமல் இருப்பவர்கள் பலர். வலி வந்துகொண்டேதான் இருக்கிறது. விட வேண்டியது வேறு, விட்டது வேறு என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

பாய்ச்சலா, வடிகாலா?

நம் உடம்பின் செல்களிலும், சாப்பிடும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது வரும் கழிவுதான் யூரிக் அமிலம். இதில் ஏறக்குறைய 3-ல் 2 பங்கு நம் உடம்பே உண்டாக்குவது. மீதி 1 பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. வெளியேறுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்தின் வழியாக, மீதி குடல் வழியாக.

வயலில் தண்ணீர் தேங்கினால் பாய்ச்சல் அதிகமாகிவிட்டது என்று மட்டும் நீங்கள் முடிவு கட்டமாட்டீர்கள். வடிகால் தூர்ந்துபோயிருக்கிறதா என்றும் பார்ப்பீர்கள். கவுட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கோளாறு வடிகாலில்தான். சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றுவதில்லை. பரம்பரை, உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மது, சில மாத்திரைகள், தண்ணீர் குறைவு எல்லாம் அந்த வடிகாலை அடைக்கும் மண். ஆகவே பத்தியம் என்பது எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை.

ஆண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 7 மில்லிகிராம் வரையும், பெண்களுக்குச் சுமார் 6 வரையும் இருக்கலாம். 6.8-ஐத் தாண்டினால் அது ரத்தத்தில் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகத் தொடங்குகிறது. குளிர்ச்சியான இடத்தில் சீக்கிரம் படியும். உடம்பிலேயே குளிர்ச்சியான மூட்டு கால் விரல் மூட்டு. அதனால்தான் முதல் அடி அங்கே விழுகிறது. பிறகு கணுக்கால், முழங்கால், கைவிரல் என்று பரவலாம். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் காது மடல், முழங்கை, விரல் மூட்டுகளில் சுண்ணாம்பு போன்ற கட்டிகள் திரளும். ஆண்களுக்கே அதிகம் வரும். பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகுதான்.

ஒன்றை நினைவில் வையுங்கள். யூரிக் அமிலம் கூடிய எல்லோருக்கும் கவுட் வருவதில்லை. வலியே வராதவர், ஆய்வக அறிக்கையில் 7.4 என்று பார்த்துவிட்டுப் பதற வேண்டாம்.

கருவாடு, ஈரல், ஆட்டுக்கால் சூப்

கவுட் உள்ளவர்கள் முதலில் குறைக்க வேண்டியது மண்பானைக் குழம்பில் நாம் மிகவும் விரும்பிப் போடும் பொருளைத்தான். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களில் பியூரின் அதிகம். அதைக் காய வைத்துக் கருவாடாக்கும்போது தண்ணீர் போய் மற்ற எல்லாம் செறிந்துவிடுகிறது. ஜப்பானில் உணவுப் பொருள்களை அளந்து பார்த்தபோது 100 கிராம் உலர் நெத்திலியில் பியூரின் 1,000 மில்லிகிராமுக்கும் மேல் இருந்தது. 100 கிராம் கோழி ஈரலில் 300-ஐ ஒட்டி. ஈரலே மிக அதிகம் என்று ஒதுக்கப்படும் பொருள். கருவாடு அதைப்போல 3 மடங்குக்கும் மேல். மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் கருவாடு நம் வீடுகளில் வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாகிறது. உலர் இறால் பொடிக்கும் இதே கதைதான். கருவாட்டை மாதம் ஒருமுறை, அதுவும் வலி இல்லாத காலத்தில், இரண்டு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி அடிக்கடி வருபவர் அதையும் விடுவது நல்லது.

ஆட்டின் ஈரல், மண்ணீரல் (சுவரொட்டி), சிறுநீரகம், மூளை ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். கிடாவெட்டு விருந்தில் இவைதான் முதல் பந்திக்கு வரும். கூடவே மதுவும் இருக்கும். வீட்டுக்குத் திரும்பிய இரவோ மறுநாள் இரவோ விரல் வீங்கினால் சாமி குத்தம் எதுவும் இல்லை.

மூட்டு வலிக்கு ஆட்டுக்கால் சூப் நல்லது என்று பாசத்தோடு வைத்துக் கொடுப்பார்கள். கவுட் உள்ளவருக்கு இது நேர் எதிர். பியூரின் தண்ணீரில் கரையக்கூடியது. கொதிக்கக் கொதிக்க அது கறியிலிருந்து சாற்றில் இறங்கும். எலும்புச் சூப், நெஞ்செலும்பு ரசம், நண்டு ரசம் எல்லாம் இந்த வகையில் சேர்ந்தவை. கறி சாப்பிட ஆசைப்பட்டால் வேக வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துண்டை மட்டும் எடுத்துச் சமைக்கலாம்.

எல்லா அசைவத்தையும் நிறுத்த வேண்டும் என்பதில்லை. கோழிக்கறி, ஆட்டுக்கறி, கெண்டை, விரால் போன்ற ஆற்று மீன்கள் நடுத்தர அளவில் வருபவை. வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள், உள்ளங்கை அளவு துண்டு போதும். இறால், நண்டு, வயல் நத்தை ஆகியவற்றை எப்போதாவது. முட்டையில் பியூரின் மிகக் குறைவு, தயங்காமல் சாப்பிடலாம்.

பாட்டிலும் கலரும்

மது இரண்டு வழியில் கெடுக்கிறது. உடம்பில் யூரிக் அமிலம் உண்டாவதைக் கூட்டுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. பீரில் கூடுதலாக ஈஸ்ட்டிலிருந்து வரும் பியூரினும் இருக்கிறது. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2004-ல் வெளிவந்தன. தினமும் ஒரு அளவு பீர் குடித்தவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு 49 சதவீதம் கூடியிருந்தது. பிராந்தி, விஸ்கி வகைகளுக்கு ஒரு அளவுக்கு 15 சதவீதம். அப்படியானால் பிராந்தி பரவாயில்லையே என்று கணக்குப் போட வேண்டாம். அந்த ஆய்வில் ஒரு அளவு என்பது ஏறக்குறைய 45 மில்லி. நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி. அதாவது நான்கு அளவு.

களத்தில் வேலை முடிந்து உடம்பு வலிக்காகக் குடிக்கிறேன் என்பார்கள். வெயிலில் வியர்த்து உடம்பு வற்றியிருக்கும் நேரத்தில் அதே பாட்டில்தான் அன்றிரவு விரலைப் பிடிக்கிறது. முழுவதும் விட்டால் மிக நல்லது. முடியாதவர், வலி உள்ள நாட்களிலும் அறுவடை, நடவு போன்ற கடும் உழைப்பு நாட்களிலும் கட்டாயம் தொடக் கூடாது.

பலருக்குத் தெரியாத எதிரி, டீக்கடையில் தொங்கும் கலர் பாட்டில்கள். இனிப்பில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை உடம்பில் சிதையும்போது நேரடியாக யூரிக் அமிலத்தைக் கூட்டும். முன்சொன்ன அதே ஆண்களிடம், தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புக் குளிர்பானம் குடித்தவர்களுக்குக் கவுட் வாய்ப்பு 85 சதவீதம் கூடியிருந்தது. 2008-ல் இது வெளியானது. மருந்து அடிக்கும் வேலை, டிராக்டர் வேலை செய்யும் இளைஞர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பெரிய பாட்டிலைக் காலி செய்வது இப்போது சகஜம். 30 வயதிலேயே கவுட் வந்தவரிடம் இதையும் கேட்க வேண்டும். வெல்லம், தேன், கரும்புச் சாறு இயற்கையானவை என்றாலும் இவற்றிலும் ஃபிரக்டோஸ் உண்டு. பொங்கலுக்கு இரண்டு துண்டு கரும்பு கடிப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் ஒரு பெரிய டம்ளர் சாறு என்றால்தான் தொல்லை.

உளுந்தும் கீரையும் என்ன தவறு செய்தன?

பருப்பிலும் சில கீரைகளிலும் காளானிலும் ஓரளவு பியூரின் இருப்பது உண்மைதான். அதனால்தான் பழைய பத்தியப் பட்டியல்களில் அவை ஏறின. ஆனால் அதே 47,150 பேரிடம் கறி, மீன், காய்கறி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கறி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்பு 41 சதவீதமும், மீன் வகைகள் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 51 சதவீதமும் கூடியிருந்தது. பியூரின் உள்ள காய்கறிகள், பயறுகளைச் சாப்பிட்டவர்களுக்குக் கூடவே இல்லை. பால் பொருள்கள் அதிகம் எடுத்தவர்களுக்குக் குறைந்தே இருந்தது.

டெல்டாவில் இது சின்ன விஷயம் அல்ல. சம்பா, தாளடி அறுவடைக்கு முன்பே ஈர வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்து, மண்ணின் மிச்ச ஈரத்தில் விளைவிக்கும் ஊர் நம்முடையது. ஆடுதுறை 3 உளுந்து இதற்காகவே நெல் தரிசுக்கு வந்த ரகம். கறியையும் கருவாட்டையும் குறைக்கச் சொல்லிவிட்டு, பருப்பையும் பிடுங்கிக்கொண்டால் உழைக்கும் மனிதனுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டு மெலிந்து, அதன் பிறகும் வலியால் துடிப்பவர்களைப் பார்க்கிறோம். இட்லி, தோசை, சாம்பார், பயறு சுண்டல், உளுந்தங்களி (வெல்லம் குறைத்து) எல்லாம் சாப்பிடலாம். முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை தாராளமாக. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் மட்டும் பசலைக்கீரையை அளவோடு வைத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அது வேறு காரணத்துக்கான கட்டுப்பாடு.

தக்காளி விஷயத்தில், அதைச் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வலி வருவதாக ஒருவர் தானே கவனித்திருந்தால் விடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக விட வேண்டாம்.

நல்லது செய்பவை என்றால் மோர்தான் முதலில். ஆடை எடுத்த பால், தயிர், மோர் யூரிக் அமிலம் வெளியேற உதவுகின்றன. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொள்ளலாம். இவற்றிலுள்ள வைட்டமின் சி சிறிதளவு உதவும், மருந்துக்கு ஈடாகாது. காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவாக வருவதாகவும் ஆய்வுகள் உண்டு. கும்பகோணம் டிகிரி காபிப் பிரியர்களுக்கு இது இனிய செய்தி, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டால். அரிசியில் பியூரின் குறைவு. ஆனால் தட்டு நிறையச் சோறு வைத்து எடை கூடினால் வடிகால் அடைபடும். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி காயும் பருப்பும் கூட்டுங்கள்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒரேயடியாகப் பட்டினி கிடப்பதும் தவறு. பட்டினியின்போது யூரிக் அமிலம் திடீரென ஏறும். விரதம் இருப்பவர்கள் தண்ணீர், மோர், பழம் எடுத்துக்கொண்டு இருப்பது நல்லது.

வெயிலும் தண்ணீரும்

கடும் வெயில் நாட்களில் கவுட் வலி அதிகம் வருவதைப் பல நாடுகளில் கவனித்திருக்கிறார்கள். காரணம் உடம்பு வற்றுவது. குறுவை நடவும், கோடை உழவும், வைக்கோல் கட்டும் வேலையும் நடக்கும் மாதங்கள் எப்படி எரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண நாளில் இரண்டரை முதல் 3 லிட்டர், வயல் வேலை நாளில் அதற்கும் மேல் தண்ணீர் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடித்திருக்கிறீர்கள். கடுகெண்ணெய் நிறத்தில் இருந்தால் போதவில்லை. இதய வீக்கம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலை முதல் தண்ணீரைத் தொடுவதில்லை. இது கவுட்டுக்கு மட்டுமல்ல, சிறுநீர்த் தொற்றுக்கும் கல்லுக்கும் வழி. ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் வயலோரம் ஒரு கீற்றுத் தட்டியாவது கட்டிக் கொடுத்தால் அதுவும் மருத்துவம்தான்.

காலையில் பழையசோற்று நீராகாரம், பத்து மணிக்கு உப்புக் குறைந்த நீர்மோர், மதியம் சாம்பாரும் கீரையும், சாயங்காலம் பயறு சுண்டலும் சர்க்கரை குறைந்த காபியும், இரவு இட்லியும் சட்னியும், படுக்கும் முன் ஒரு சொம்பு தண்ணீர். யோசித்தால் நம் பாட்டிமார் சாப்பாடுதான் கவுட் பத்தியம். வலி பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு வருவதால் அந்தக் கடைசிச் சொம்பை விடாதீர்கள்.

வலி பிடித்த நாளில்

மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். உருவி விடுவது, சுளுக்கு எடுப்பது, இறுக்கிக் கட்டுவது கூடாது. முதல் நாளே மருத்துவரிடம் போனால் வலி விரைவில் அடங்கும்.

காய்ச்சலும் குளிரும் சேர்ந்து மூட்டு வீங்கினால், அல்லது முள் குத்திய காயத்துக்குப் பக்கத்தில் வீங்கினால், அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கும்பகோணம் வட்டாரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போனது என்பதால், கால் சிவந்து வீங்கினால் அதுவோ என்று பயப்படுபவர்களும் உண்டு. எது என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடை வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததும், 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டதும் நினைவிருக்கும். செத்த கழுகுகளின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. மனிதன் கழுகு அல்ல. மருத்துவர் சொல்லிச் சில நாள் எடுத்தால் பலருக்குப் பாதிப்பில்லை. ஆனால் வேலைக்குப் போக வேண்டும் என்று மாதக்கணக்கில் தானாகவே விழுங்கினால் சிறுநீரகம் கெடும். வடிகாலையே உடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறதே என்று வருந்துவதற்குச் சமம் அது.

கவுட் வலிக்கு மருத்துவர்கள் தரும் இன்னொரு மாத்திரை கோல்சிசின். இது நம் மாநில மலரான செங்காந்தளிலிருந்து, அதாவது கண்வலிக்கிழங்குச் செடியிலிருந்து கிடைக்கும் பொருள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். அதனால் கிழங்கையோ விதையையோ வீட்டில் அரைத்துக் குடித்துப் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அது உயிரைப் பறிக்கும் விஷம்.

பரிசோதனையும் தொடர் மாத்திரையும்

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதுபோலக் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே கிரியேட்டினின், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்ப்பது அவசியம். நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ தரும் நீர் மாத்திரைகளும், இதயத்துக்கான சிறு அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடியவை. நீங்களாக நிறுத்த வேண்டாம்; தேவையென்றால் மருத்துவர் மாற்றித் தருவார். லோசார்டான் போன்ற பிபி மாத்திரை யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கவும் செய்யும்.

பத்தியம் மட்டும் ஒழுங்காக இருந்தால் யூரிக் அமிலம் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இறங்கலாம். 7.2 இருப்பவருக்கு அது பெரிய உதவி. 9.5 இருப்பவருக்குப் போதாது. ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் வலி வந்தாலோ, கட்டிகள் தோன்றினாலோ, சிறுநீரகக் கல் இருந்தாலோ தொடர் மாத்திரை தேவைப்படும். அலோபியூரினால், ஃபெபுக்சோஸ்டாட் என்பவை அவை. குறி 6-க்குக் கீழே. கட்டிகள் உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழே. அலோபியூரினாலைப் பொதுவாக 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். தொடங்கிய பிறகு உடம்பில் தடிப்போ அரிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி மறுபடி வரலாம். பழைய படிகங்கள் கரையும்போது அப்படி நடக்கும். "மாத்திரை சாப்பிட்டதால்தான் வலி வந்தது" என்று பலர் இந்த இடத்தில்தான் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதற்காகவே முதல் 3 முதல் 6 மாதம் கோல்சிசினையும் சிறு அளவில் சேர்த்துத் தருவார்கள். வலி வந்தாலும் தொடர் மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி வலிக்குத் தனியாக மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அளவு 6-க்குக் கீழே இறங்கி நிலைத்த பிறகு, 6 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும்.